குழந்தைத் தராசும் மீனம்மாவின் தோட்டமும்

பச்சைக் குழந்தையை நிறுக்கிற தராசில் செவ்வந்தி மொட்டை நிறுத்த கதையைச் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் என்னைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். அது என் தராசு. பதினாறு வருடமாக அந்தச் சிறுவர் வாட்டில் நான் தாதி. என்னைக் கேட்காமல் அந்தத் தராசைத் தொட்டவர்கள் என் வாயிலிருந்து தப்பியதில்லை. இந்திராதேவி மிஸ்ஸிக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஆஸ்பத்திரி முழுக்கப் பேச்சு. அதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீனம்மா சொல்லிவிடுவாள்.

மீனம்மா எங்கள் ஆஸ்பத்திரியில் கூட்டித் துடைக்கிறவள். வயது நாற்பத்து நான்கு. ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னால் பெரிய டொக்டர் கோபித்துக்கொள்வார். ஹட்டனில் பொகவந்தலாவை பஸ் ஏறி, இரண்டாவது தடவை வாந்தி வருகிற வளைவில் இறங்கினால் எங்கள் கேட் தெரியும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவள் இந்த வேலைக்கு வருமுன் இருபது வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். ஒரு மலையில் நின்று அடுத்த மலைக்காரியிடம் குடும்பக் கதை பேசிப் பழகிய தொண்டை. வாட்டில் அவள் இரகசியம் சொன்னால் இரத்தம் சோதிக்கிற அறையில் இருப்பவர்கள் பதில் சொல்வார்கள். ஒருநாள் மலையில் குளவிக்கூடு கலைந்து முப்பத்தெட்டுக் கொட்டு வாங்கிக்கொண்டு எங்களிடம் வந்தாள். முகம் பூசணிக்காய். நான்காம் நாள் ஒரு கண் திறந்தது. திறந்ததும் கடவுளையா கூப்பிட்டாள்? கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"என்னா மிஸ்ஸி, இம்புட்டு குப்பயா கெடக்கு? ஒரு வெளக்கமாறு இருந்தா குடுங்க."

என் சேவையில் மருந்து கேட்ட நோயாளியைப் பார்த்திருக்கிறேன், சோறு கேட்டவரைப் பார்த்திருக்கிறேன். விளக்குமாறு கேட்டவள் இவள் ஒருத்திதான். அடுத்த மாதமே கூட்டுகிற வேலைக்கு வந்து சேர்ந்தாள். சேர்ந்த அன்று, "இனிமே தேயிலைய கோப்பையில மட்டுந்தான் பாப்பேன், சத்தியமா!" என்று கையடித்துச் சொன்னாள். பதினொரு வருடம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாள்.

எங்கள் வாட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் இருந்தது. உடைந்த கட்டில், துருப்பிடித்த சேலைன் கம்பி, மூன்று கால் நாற்காலி எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். போன வருடம் ஒருநாள் மீனம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"மிஸ்ஸி, நம்ம புள்ளைங்க பூரா சொவத்தையே பாத்துக்கிட்டு கெடக்குதுங்க. சொவரு என்னா டீவியா?"

"அதுக்கு நான் என்ன பண்ண? வீணை வாசிக்கவா?"

"நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. பண்றவள திட்டாம இருந்தா போதும்."

திட்டினேன். ஆனாலும் செய்தாள். வேலை முடிந்து தினம் ஒரு மணிநேரம் அந்தக் குப்பையோடு மல்லுக்கட்டினாள். எங்கள் பிசியோ தம்பி சுமன், கைகால்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன், அவனும் சேர்ந்துகொண்டான். உடைந்த கட்டில்களை வீசவேண்டாம் என்று அவன்தான் சொன்னான். கட்டில் சட்டத்துக்குள் பலகை அடித்து மண் நிரப்பினார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளைக்கும் குனியாமல் கை எட்டுகிற உயரம். நோயாளி படுத்த கட்டிலில் இப்போது புதினா படுத்திருந்தது. செவ்வந்தி, ஜெரேனியம், ரோசா என்று எங்கெங்கோ இருந்து செடி வந்தது. பெரிய டொக்டரின் குவாட்டர்ஸ் வாசலில் இருந்த ஜெரேனியம் மட்டும் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

சும்மா சொல்லக்கூடாது. ஊசி என்றால் கூரையைப் பெயர்க்கிற பிள்ளைகள் அங்கே உட்காரவைத்தால் கையை நீட்டின. சோறு இறங்காத பிள்ளைக்குச் சோறு இறங்கியது. நான் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டேன். அது என் வழக்கம்.

அந்தச் சமயத்தில்தான் பூரணி எங்கள் வாட்டில் இருந்தாள். ஒன்பது வயது. மழையில் தோட்டத்து லயத்து வீட்டுப் படியில் வழுக்கி, வலது மணிக்கட்டு முறிந்து, எலும்பு வெளியே வந்து, புண் சீழ்பிடித்து ஐந்து வாரம். புண் ஆறிவிட்டது, மாவுக்கட்டும் எடுத்தாயிற்று. ஆனால் கை மூடியது மூடியபடிதான். சுமன் பந்து கொடுத்தான், களிமண் கொடுத்தான், சொக்லட்டைக்கூட நீட்டினான். இடது கையால் வாங்கித் தின்றாள்.

"எலும்பு நல்லாயிருச்சு மிஸ்ஸி, பயந்தான் போகல," என்றான் சுமன். "நான் வலிய பிரிச்சா கத்துறா, இன்னும் இறுக்குறா. ரெண்டு வாரத்துல அவளா வெரல நீட்டலேன்னா அப்படியே இறுகிரும். அப்புறம் பேனா பிடிக்க ஏலாது."

அவளுடைய அம்மா பிரியந்தி பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். மலையிலிருந்து நேராக வருவாள், நெற்றியில் கூடைக்கயிற்றின் தடம் அப்படியே இருக்கும். மகளின் மூடிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருப்பாள். "வகுப்புல மூணாவது பிள்ள மிஸ்ஸி. இது பேனா பிடிக்கிற கை. கூடைய பிடிக்கிற கை இல்ல," என்பாள். கேட்கக் கேட்க எனக்குத் தாங்காது. அதை மறைக்க யாரையாவது திட்டுவேன்.

தினம் காலை ஏழு மணிக்கு வாட்டில் ஒரு சடங்கு உண்டு. நான் நடுவில் நின்று, "கைய காட்டுங்க!" என்று ஒரு சத்தம் போடுவேன். எல்லாப் பிள்ளைகளும் இரண்டு கையையும் நீட்டவேண்டும். நகத்தில் அழுக்கு இருந்தால் காலைச் சாப்பாடு கிடையாது என்பது என் சட்டம், நிறைவேற்றியதில்லை. என் சத்தத்துக்குத் தூக்கத்தில் இருக்கிற பிள்ளைகூட கை நீட்டும். பூரணி மட்டும் இடது கையை நீட்டி, வலது கையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொள்வாள்.

இனி திலக்ஷனைப் பற்றிச் சொல்லவேண்டும். எட்டு வயது, தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டு, சக்கர நாற்காலி. நாற்காலி கிடைத்த அன்றே அது ஜீப் ஆகிவிட்டது, அவன் ஆட்களை மேய்த்து வேலை வாங்குகிற தோட்டத்துக் கண்டாக்கய்யா ஆகிவிட்டான். ஒரு பிற்பகல் கட்டில் பாத்திகளுக்கு நடுவே ஜீப்பை நிறுத்தி, "பெரட்டு! பெரட்டு! எல்லாம் வரிசைக்கு வா! லேட்டா வந்தா வேல இல்ல, வீட்டுக்குப் போ!" என்று ஒரு கூச்சல். காலையில் தோட்டத்தில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற அதே பெரட்டு. லயத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லியா தரவேண்டும்? என் தலையணை உறைகளை நெற்றியில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு பன்னிரண்டு பேர் வந்து நின்றார்கள். என் தலையணை உறைகள்! களையையும் புதினாவையும் விரல் நுனியால் படக் படக்கென்று கிள்ளி முதுகுக்குப் பின்னால் போட்டார்கள். இளைப்பு நோய்க்காரப் பிள்ளை ஒன்று நிறுவைக்காக என் தராசையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது.

நான் கத்த வாயைத் திறந்தேன். மீனம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது. பூரணி மட்டும் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவளப் பாருங்க மிஸ்ஸி," என்றாள் மீனம்மா. "கண்ணாலயே கிள்ளுறா."

அந்த நேரம் பார்த்துத்தான் பிரியந்தி உள்ளே வந்தாள். தலையணை உறைகளைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், தராசைப் பார்த்தாள். கையிலிருந்த பை கீழே விழுந்தது.

"ஏங்க, இதுக்கா எம் புள்ளைய ஆஸ்பத்திரியில விட்டேன்? நான் அட்டக்கடியில நிண்டு சாகுறது இவ கூடைய தூக்கக்கூடாதுன்னுதானே? இங்க நீங்க பெரட்டு பழக்குறீங்களா? வெக்கமா இல்ல?"

மீனம்மா குனிந்து, கீழே விழுந்த பையை எடுத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். அன்று மாலை கழிவறையைத் தேய்த்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அவ சொன்னதுல ஒரு சொல்லு தப்பில்ல மிஸ்ஸி. நானே இது வேணாமுன்னுதானே ஓடியாந்தேன். இனி பெரட்டு வெளையாட்டு கெடையாது." நானும் தராசை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

பட்ட காலிலே படும் என்பார்கள். அதே வாரம் ஒரு கடிதம் வந்தது. பின்பக்கத்து நிலத்தை வாகனத் தரிப்பிடமாக்க வேண்டும் என்று பெரிய டொக்டர் எப்போதோ எழுதிப்போட்டிருந்தார். அதைப் பார்த்து முடிவு சொல்ல மாகாணத்திலிருந்து ஒரு டொக்டர் அம்மா வெள்ளிக்கிழமை வருகிறாராம். சுமன் தலையில் கைவைத்தான். "பூரணி என் அறைக்கு வந்தாலே அழுறா. இந்தத் தோட்டத்துல மட்டுந்தான் என்னைய பக்கத்துல விடுறா. தோட்டம் போனா அவ கையும் போச்சு மிஸ்ஸி."

மீனம்மா செவ்வந்தி மொட்டுகளிடம் கெஞ்ச ஆரம்பித்தாள். "வெள்ளிக்கெழம விரிஞ்சிருங்கடி என் தங்கங்களா, மானத்த வாங்கிறாதீங்க." வியாழன் மாலை பார்த்தால் மஞ்சளும் வெள்ளையும் வெடிக்கத் தயாராக நிற்கின்றன. பிள்ளைகளைக் கூட்டிவைத்து, "நாளைக்கு பெரிய ஆளு வர்றாங்க, தோட்டத்த பாக்க வர்றாங்க, எல்லாம் ஒழுங்கா இருக்கணும்" என்று மூன்று தடவை சொன்னாள். நானும் இரண்டு தடவை அதட்டினேன். எங்கள் இரண்டு பேரின் முட்டாள்தனமும் அந்த 'ஒழுங்கா' என்ற ஒரு வார்த்தையில்தான் இருந்தது.

வெள்ளி காலை அவளை முன்கேட்டில் மழைத்தண்ணீர் ஓடுகிற கானைத் துப்பரவு செய்யப் போட்டுவிட்டார்கள். கேட்டில்தானே பெரிய ஆள் முதலில் இறங்குவார்! நான் புதுப் படுக்கை விரிப்புகளோடு போராடிக்கொண்டிருந்தேன். ஏழு மணிச் சடங்கைக்கூட மறந்துபோனேன். எட்டரை மணிக்குத்தான் உறைத்தது, வாட்டில் சத்தமே இல்லை. சிறுவர் வாட்டில் சத்தம் இல்லையென்றால் ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். பின்பக்கம் ஓடினேன்.

ஐயோ, என்னத்தைச் சொல்ல! ஒரு பூ இல்லை. ஒரு மொட்டு இல்லை. செவ்வந்தி, ரோசா, டொக்டர் வீட்டு ஜெரேனியம் எல்லாம் மேசைபோல ஒரே மட்டத்தில் மொட்டையாக நின்றன. என் தலையணை உறைகள் பொம்மென்று உப்பியிருந்தன. முக்காலியில் என் தராசு; புது விரிப்பு எடுத்தபோது அலுமாரிச் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டிருந்தேன். குழந்தை படுக்கிற தட்டில் செவ்வந்தி மொட்டுகள் குவிந்திருந்தன. திலக்ஷன் ஜீப்பில் இருந்தபடி எடை கூவினான்: "ரெண்டு கிலோ முந்நூறு!"

"அடப் பாவிகளா!" என்றேன்.

திலக்ஷன் பெருமையாகச் சொன்னான்: "தொர வர்றாங்கன்னா மலையில கொழுந்து மேல நிக்கக்கூடாதுல்ல மிஸ்ஸி? சுத்தமா எடுத்து மட்டமா வச்சிட்டோம். ஒண்ணு விடல."

அப்போதுதான் புரிந்தது. பெரிய துரை பார்க்க வருகிறார் என்றால் மலையைக் கிள்ளித் துப்பரவாக வைப்பதுதானே அவர்கள் பிறந்ததிலிருந்து கண்ட ஒழுங்கு! ஒழுங்காக வைக்கச் சொன்னோம், அவர்கள் வைத்துவிட்டார்கள். கான் மண்ணோடு வந்த மீனம்மா பார்த்தாள். வாயில் கையை வைத்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். ஒரு செடியைத் தொட்டுப் பார்த்து, "என்னா நேர்த்தி! எங்க கண்டாக்கய்யா இருந்தா மால போட்டிருப்பாரு," என்று சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குள் மாகாண டொக்டர் அம்மா வந்துவிட்டார். பின்னால் எங்கள் பெரிய டொக்டர், பின்னால் சுமன். டொக்டர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மொட்டைச் செடிகளைப் பார்த்தார். தோட்டம் என்று எழுதியிருந்ததே, பூ எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். பெரிய டொக்டரின் முகத்தில் வாகனத் தரிப்பிடம் தெரிந்தது. மீனம்மா எழுந்து முன்னால் போனாள்.

"நாந்தாங்க கிள்ளுனேன். புள்ளைங்கள ஒண்ணும் சொல்லாதீங்க."

பொய்! பதினொரு வருடம் கிள்ளாத கை அது. எனக்கு வந்ததே கோபம்! அவள்மேலா, பிள்ளைகள்மேலா, என்மேலா என்று தெரியவில்லை. ஏழு மணிக்குப் போடாத சத்தத்தை ஒன்பது மணிக்குப் போட்டேன்.

"யார் கிள்ளுனது? கைய காட்டுங்க!"

பழக்கதோஷம், பதின்மூன்று பிள்ளைகளும் படாரென்று கையை நீட்டினார்கள். எல்லா விரலும் பச்சை. வரிசையில் முதலிலிருந்து பார்த்துக்கொண்டே போனேன். ஐந்தாவது ஆளிடம் வந்ததும் குனிந்து பார்த்தேன். இரண்டு கை. இரண்டும் விரிந்த கை. வலது கையில், நெளிந்த தழும்புக்கு மேலே, ஐந்து விரலும் நடுங்கிக்கொண்டே நீண்டிருந்தன. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் நகக்கண்வரை செவ்வந்திச் சாறு.

பூரணி என் முகத்தைப் பார்த்துப் பயந்து, "சோறு இல்லையா மிஸ்ஸி?" என்றாள்.

சுமன் என்னைத் தள்ளிக்கொண்டு வந்து முழங்காலில் விழுந்தான். "மூடு. திற. இன்னொருக்கா மூடு. திற." மூடினாள், திறந்தாள். மாகாணமும் வாகனமும் எல்லாருக்கும் மறந்துபோயின. நான் ஓவென்று அழுதேன், நடுவில் சிரிப்பும் வந்தது. மீனம்மா போட்ட கூச்சலுக்குப் பெரியவர்கள் வாட்டிலிருந்து சேலைன் கம்பியோடு நோயாளிகள் ஓடிவந்தார்கள்.

"ஆள் பத்தல மிஸ்ஸி," என்று திலக்ஷன் விளக்கம் சொன்னான். "ஒத்தக் கையால எடுத்தா தொர வர்றதுக்குள்ள முடியாதுன்னு ஏசினேன். அவ ரெண்டு கையாலயும் எடுத்தா. நானூறு கிராம். அவதான் இன்னைக்கு மொத ஆளு."

சுமன் ஐந்து வாரக் கதையையும் சிங்களத்தில் சொல்லி முடித்தான். டொக்டர் அம்மா தராசுக்குப் போய் மொட்டுக் குவியலைப் பார்த்தார், தழும்பைப் பார்த்தார். "ஷோக்!" என்று சிங்களத்தில் பாராட்டினார். பிறகு பெரிய டொக்டரிடம் திரும்பி, வாகனம் நனைந்தால் காய்ந்துவிடும் என்று ஒரே வரியில் முடித்தார். பெரிய டொக்டரும் பாவம், தலையை ஆட்டினார். போகும்போது தன் ஜெரேனியத்தை அடையாளம் கண்டு ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

ஆனால் மீனம்மாவுக்கு நாள் அத்தோடு முடியவில்லை. நாலரை மணி நெருங்க நெருங்க அவள் கழிவறைப் பக்கமே சுற்றினாள். "பிரியந்தி வருவா மிஸ்ஸி. எம் புள்ளைய கொழுந்து எடுக்க விட்டியேன்னு வெளக்கமாத்தாலயே அடிப்பா."

பிரியந்தி வந்தாள். பூரணி கட்டிலில் இருந்தபடி இரண்டு கையையும் நீட்டினாள். பச்சை இன்னும் போகவில்லை, நானும் கழுவவிடவில்லை. பிரியந்தி அந்தக் கையைப் பிடித்தாள். ஒவ்வொரு விரலாக மடக்கினாள், நீட்டினாள். தன்னுடைய கையை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அவள் விரலிலும் அதே இடத்தில் கறை. கட்டிலோரம் இருந்த தலையணை உறைக்குள் கையை விட்டு ஒரு மொட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"முத்தலையும் சேத்து கிள்ளியிருக்கியேடி, கூறுகெட்டவளே," என்றாள். சொல்லி முடிக்குமுன் மகளைக் கட்டிக்கொண்டு உடைந்துபோனாள்.

அழுகை அடங்கியதும் என் சட்டைப்பையிலிருந்த பேனாவை, கேட்காமலே, உருவினாள். என் பேனாவை! மகளின் விரலுக்குள் வைத்து, "எழுது," என்றாள். நான் காய்ச்சல் குறிக்கிற தாளின் வெற்றுப் பக்கத்தைத் திருப்பி நீட்டினேன். பூரணி நாக்கைக் கடித்துக்கொண்டு, பேனா இரண்டு தடவை நழுவி விழ விழ, நெடுநேரம் எழுதினாள். எழுத்து அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகக் கிடந்தது. பிரியந்தி எழுத்துக்கூட்டி வாசித்தாள்:

"மிஸ்ஸி தராச ஒளிக்காதீங்க."

வாட்டே சிரித்தது. நான் யார் சிரித்தது என்று அதட்டினேன், அதற்கும் சிரித்தார்கள்.

பூரணி வீட்டுக்குப் போய் இரண்டு வாரம் கழித்துப் பிரியந்தி மட்டும் வந்தாள். கையில் ஈரச்சாக்கு. அவிழ்த்தால் ஆறு தேயிலைக் கன்று. மீனம்மா பாம்பைக் கண்டவள்போல இரண்டு எட்டுப் பின்னால் போனாள்.

"செவ்வந்திய கிள்ளுனா போயிரும்க்கா," என்றாள் பிரியந்தி. "இது கிள்ளக் கிள்ளத்தான் தழையும். இங்க வர்ற புள்ளைங்களுக்கு வைங்க. கை நல்லாயிட்டா பேனாவ குடுத்து அனுப்பிருங்க, அது போதும்."

மீனம்மா என்னைப் பார்த்தாள். சத்தியம் செய்தபோது சாட்சி நான்தானே. எனக்கு அன்று காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அலுமாரியைத் திறந்து தராசை வெளியே எடுத்துவைத்தேன்.